ஆணி அடிக்காத தனேஸ்வரி

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்து ஈஜோக் கடைவரிசையில் இருக்கும் எங்கள் மருந்துக்கடைக்குப் பதினொரு ஆண்டுகளில் ஆறு மருந்தாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆறு பேருக்கும் தேநீர் கலக்கிக் கொடுத்தவள் நான்தான். என் பெயர் உஷாராணி. கல்லாவில் உட்காருவது, சாமான் அடுக்குவது, வருகிறவர்களிடம் வாயாடுவது எல்லாம் என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டிலேயே சொல்வார்கள், நானும் அதை மறுத்ததில்லை. ஆறாவது ஆள் சிங்கப்பூருக்குப் போன பிறகு ஏழாவதாக வந்தவள் தனேஸ்வரி. அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இடையிடையே என் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலையில் நீல நிறக் கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வயது நாற்பத்தொன்று. பேனா தேடுகிறேன் என்று கைப்பையைக் கல்லா மேசையில் கவிழ்த்தாள். சாவி, தலைவலித் தைலம், மகளின் பள்ளிக்கூடக் கட்டணச் சீட்டு, இவற்றோடு ஒரு செல்லோடேப் சுருளும் உருண்டு வந்தது. மருந்தாளருக்குக் கைப்பையில் செல்லோடேப் எதற்கு? எனக்குக் கேட்காமல் இருக்க முடியுமா!

"லைசனைச் சுவத்துல ஒட்டறதுக்கு, அக்கா. ஆணி அடிச்சா அப்புறம் பிடுங்கணும்."

அவள் கணவன் விமலன் ராணுவத்தில் ஸ்டாஃப் சார்ஜன். பாலம் கட்டுகிற பிரிவு. ராணுவக் குடியிருப்பில் வீட்டைக் காலி செய்யும்போது ஒவ்வோர் ஆணி ஓட்டையையும் சிமெண்டு பூசி அடைத்துக் காட்ட வேண்டுமாம். பதினெட்டு ஆண்டுகளாக அப்படி அடைத்து அடைத்து, ஆணி அடிக்கிற பழக்கமே அவர்களுக்கு விட்டுப்போய்விட்டது. கல்யாணப் படம்கூடக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் சாய்ந்துதான் நிற்குமாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். சரி, இவளும் ஆறு மாதத்து ஆள்தான் என்று நான் தீர்மானித்துவிட்டேன். பால் விடாத தே ஓ கலக்கிக் கொடுத்தேன், ஆனால் எத்தனை கரண்டி சீனி என்று கேட்கவில்லை. போகப்போகிற ஆளின் சீனி அளவை நான் ஏன் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

அவளுடைய தொல்லை என்னவென்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. மருந்தாளர் என்ற பதிவு நாடு முழுக்கச் செல்லும். ஆனால் ரத்த அழுத்தம், கீல்வாதம், சர்க்கரை என்று மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கிற மருந்துகள் இருக்கின்றனவே, சட்டம் அவற்றை நஞ்சு என்கிறது. அந்த நஞ்சை விற்க மாநில அலுவலகம் தனி உரிமம் தர வேண்டும். அந்த உரிமத்தில் இன்ன ஆள், இன்ன கடை என்று பெயர் இருக்கும். மாநிலம் மாறினால் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டும். ஜொகூர், மலாக்கா, பகாங், பேராக், கெடா என்று ஐந்து மாநிலங்களில் அவள் இப்படித் தொடங்கியிருக்கிறாள். போய் இறங்குவாள், விண்ணப்பம் போடுவாள், மாதக்கணக்கில் காத்திருப்பாள், உரிமம் வரும், கடையில் நாலு பேருக்கு முகம் பழகும், அதற்குள் விமலனுக்கு மாற்றல் கடிதம் வரும். பகாங்கில் திங்கட்கிழமை உரிமம் வந்தது, வியாழக்கிழமை மாற்றல் வந்தது.

"திங்கக்கிழமை ஒட்டினேன், வியாழக்கிழமை உரிச்சேன்" என்று அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்று என் வாய் சும்மா இல்லாமல் சொல்லிவிட்டது. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். தன்னை ஒவ்வொரு புளியமரத்துக்கும் ராணுவ லோரியே ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டது என்றாள். அன்றைக்குத்தான் இவளிடம் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அவள் பிறந்தது எங்கள் ஊரிலிருந்து தூரமில்லாத ஜெராம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில். அப்பா டிராக்டர் ஓட்டினவர். எஸ்டேட் வீட்டு வரிசையான அந்த லயத்தைப் போய்ப் பார்த்தீர்களா, மனசு கலங்கியதா என்று ஒருநாள் கேட்டேன். அந்த லயத்தில் தண்ணீர் வாரத்துக்கு மூன்று நாள்தான் வரும், கழிப்பறைக்குக் கதவு கிடையாது, அதை இடித்தவன் நன்றாக இருக்கட்டும் என்றாள். அவளுக்குத் திரும்பிப் பார்க்கிற ஆசை எதுவும் இல்லை. ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஒரு கடையில், ஒரே இடத்தில், ஆண்டுக்கணக்கில் நின்று வேலை பார்க்க வேண்டும். இன்றைக்கு மருந்து வாங்கின ஆளுக்கு அது ஒத்துக்கொண்டதா என்று அடுத்த ஆண்டும் கேட்க வேண்டும். "நான் மருந்து கொடுத்த யாருக்கும் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது, அக்கா" என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

எங்கள் கடையின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி உமாபதி அண்ணனுக்கு அறுபத்தைந்து வயது. மருந்தாளர் இல்லாத கடையில் பின்பக்கக் கவுண்டர் பூட்டியே கிடக்கும். முன்னால் பிள்ளைத் துணி, சத்து மாத்திரை, தைலம், வாய்கொப்பளிக்கிற தண்ணீர், இவைதான் ஓடும். அதை வைத்துக் கடை நடத்த முடியுமா? கைப்பேசி விற்கிற ஒருவன் கடையைக் கேட்டு வாரம் இரண்டு முறை வந்துகொண்டிருந்தான். மெர்டேக்கா, அதாவது சுதந்திர தினம் வரைக்கும் பார்ப்பேன், ஆகஸ்ட் முடிவதற்குள் தனேஸ்வரியின் பெயரில் உரிமம் வராவிட்டால் கடையைக் கொடுத்துவிடுவேன் என்று அண்ணன் எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில் நான் கைப்பேசி விற்கப் போவதா? எனக்கு என் கைப்பேசியிலேயே பாதி தெரியாது.

ஏப்ரலில் விண்ணப்பம் போனது. கெடாவில் இருந்த பழைய முதலாளி, நல்ல மனிதர், அவளுடைய உரிமம் அழுக்காகிவிடக் கூடாது என்று அவளிடம் கேட்காமலே அதை லேமினேட் செய்து வைத்திருந்தாராம். நம் ஆட்களுக்கு முக்கியமான காகிதம் எதைப் பார்த்தாலும் பிளாஸ்டிக்கில் போட்டு அவித்துவிட வேண்டும். ரத்து முத்திரை குத்த அசல் காகிதம் வேண்டும் என்று அங்கே கேட்க, முத்திரை மை பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வழிய, கடிதம் மேல் கடிதம் போய் ஜூன் மாதமாகிவிட்டது. தனேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் தொலைபேசியில் பேசுவாள். பேசி முடித்ததும் நீலக் கோப்பில் தேதியைக் குறித்துக்கொள்வாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில்தான் செல்லன் அண்ணன் விஷயம் நடந்தது. அவர் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுபவர். காலில் செருப்பு ஏறவில்லை, வீக்கத்துக்குத் தைலம் கொடு என்று வந்து நின்றார். நான் தைலத்தை எடுத்துவிட்டேன். தனேஸ்வரி நடுவில் புகுந்து, தன்னால் இங்கே மருந்து கொடுக்க முடியாது, ஆனால் பார்க்க முடியும், வீட்டில் இருக்கிற மாத்திரை அத்தனையையும் பையோடு கொண்டுவாருங்கள் என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கொண்டுவந்தார். அரசாங்க கிளினிக் மாத்திரை ஒரு பை, தனியார் கிளினிக் மாத்திரை ஒரு பை. அவள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். இதிலிருந்து ஓர் அட்டையையும் அதிலிருந்து ஓர் அட்டையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது ஒரே ரத்த அழுத்த மருந்து. மனிதர் நாலு மாதமாக இரண்டு பங்கு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இன்றைக்கே கிளினிக்கில் மருத்துவரிடம் இரண்டு அட்டையையும் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம் என்று அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்துச் செல்லன் அண்ணன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தார். காலைத் தூக்கிக் காட்டினார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அது முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் வாழைப்பழம் வரத் தொடங்கியது. "மிஸ்ஸுக்கு லைசன் வந்துச்சா?" என்பதுதான் அவர் கேட்கிற முதல் கேள்வி. அவர் கேட்கிறாரே என்று எஸ்டேட் பக்கத்து ஆட்கள் எல்லாரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பூட்டிக் கிடக்கிற கவுண்டருக்கு இத்தனை வாடிக்கையாளர்களை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் விமலன் சீருடையோடு வந்தான். கடைக்குள் வராமல் வாசல் நடைபாதையில், அஞ்சடியிலேயே நின்றான். கடைக்குள் வராத ஆள் நல்ல செய்தி கொண்டுவந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். தனேஸ்வரி வெளியே போனாள். நான் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வாசல் கண்ணாடிக்குப் போனேன். ஆமாம், கேட்கத்தான் போனேன், அதில் என்ன வெட்கம்?

கடல் தாண்டி இருக்கிற சரவாக்கிற்கு மாற்றல். கூடவே பதவி உயர்வு. மாதக் கடைசிக்குள் பதில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இருபத்தொரு ஆண்டு சேவை முடிந்தது என்று ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். மகளுக்கு அடுத்த ஆண்டு பெரிய பரீட்சை, அவள் ஏற்கெனவே நாலு பள்ளிக்கூடம் மாறியவள். ஆனால் இரண்டு பேரில் ஒருவருக்காவது நிலையான வேலை இருக்க வேண்டுமே. விமலன் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னான்.

"உனக்கு லைசன் வந்துச்சுன்னா நான் பேப்பர் போட்டுட்டு வந்துடறேன். வரலன்னா மறுபடியும் லோரிதான், தனா."

அவள் தலையை ஆட்டினாள். உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இவ்வளவு நேரம் துடைத்தீர்களே, பளபளவென்று இருக்கிறது என்றாள்.  பின்னால் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அங்கிருந்தே கேட்டேன், எத்தனை கரண்டி சீனி என்று. அரைக் கரண்டி என்றாள். அரைக் கரண்டி! ஐந்து மாதமாக நான் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்திருக்கிறேன், மகராசி வாய் திறக்காமல் குடித்திருக்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புது அலமாரி வந்தது. நஞ்சு மருந்து வைக்கப் பூட்டுப் போட்ட அலமாரி வேண்டும் என்பது விதி. பழையதன் பூட்டு இளித்துவிட்டதால் உமாபதி அண்ணன் தச்சரிடம் சொல்லிச் செய்திருந்தார். கிழக்குப் பார்த்து நிறுத்தினார்கள். சோதனைக்கு அதிகாரி புதன்கிழமை வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அன்று சாயங்காலம் தனேஸ்வரி சீக்கிரமாகக் கிளம்பிவிட்டாள், அண்ணனும் போய்விட்டார். நான் கடையைப் பூட்ட வேண்டும், அலமாரியையும் பூட்ட வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த புது அலமாரியைக் காலியாகப் பூட்டுவார்களா? என் கல்யாணத்துக்கு வந்த பீரோவிலும் என் மகள் வீட்டுப் பீரோவிலும் முதலில் உள்ளே போனது உப்பும் மஞ்சளும் அரிசியும்தான். என் கை பொறுக்கவில்லை. பக்கத்து மளிகைக்கடைக்கு ஓடி ஒரு பொட்டலம் உப்பு, ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு பிடி அரிசி வாங்கி வந்தேன். ஒரு தட்டில் வைத்தேன். என் பர்சில் இருந்த சின்ன முருகன் படத்தைச் சாய்த்து வைத்தேன். என் தலையில் இருந்த மல்லிகையில் ஒரு முழத்தை எடுத்துப் படத்துக்குச் சுற்றினேன். படையல் இல்லாமல் எப்படி? அன்றைக்கு வந்த செல்லன் அண்ணன் வாழைப்பழத்தில் ஒன்று. கும்பிட்டேன், பூட்டினேன், சாவியைப் பர்சில் போட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை எடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்பது என் எண்ணம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்துவிட்டார். மலாய்ப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும், கையில் கோப்பு. இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்ததாகவும், முடியுமானால் இன்றைக்கே பார்த்துவிடுவதாகவும் சொன்னார். தனேஸ்வரிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நான் மெதுவாக நகர்ந்து அலமாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியின் வெப்பமானி, கைகழுவுகிற தொட்டி, பதிவேடு, தனேஸ்வரியின் நீலக் கோப்பு எல்லாவற்றுக்கும் சரி என்று குறித்தார். கோப்பு இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே என்று பாராட்டக்கூடச் செய்தார். பிறகு அலமாரிக்கு வந்தார். சாவி கேட்டார். தனேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் பர்சைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். எத்தனை நேரம்தான் ஒரு பர்சில் சாவி தேட முடியும்? அண்ணன் முறைத்ததும் கொடுத்துவிட்டேன்.

கதவு திறந்தது. முதலில் வாசம் வந்தது, மூன்று நாள் மல்லிகையும் கனிந்துபோன வாழைப்பழமும் கலந்த வாசம். பிறகு எறும்பு. அலமாரியின் பின்பக்கத்து இடுக்கிலிருந்து வாழைப்பழம் வரைக்கும் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. நடுவில் முருகன் வேலோடு நின்றுகொண்டிருந்தார். அதிகாரி குனிந்து எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பார்த்தார். இது என்ன என்று மலாயில் மெதுவாகக் கேட்டார்.

தனேஸ்வரி நினைத்திருந்தால் என்னைக் கைகாட்டியிருக்கலாம். அவளுடைய ஆறு மாத ஓட்டமும் புருஷனின் வேலையும் பிள்ளையின் படிப்பும் அந்தத் தட்டில் இருந்தன. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வழக்கத்தில் புது அலமாரியைக் காலியாகப் பூட்டுவதில்லை, மங்கலப் பொருள் வைப்போம், சோதனைக்கு முன்னால் எடுத்திருக்க வேண்டும், என் தவறு என்றாள். என் தவறு என்று சொன்னாள், கேட்டீர்களா! அதிகாரி கோப்பில் எழுதினார். எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். நஞ்சு அலமாரியில் வேறெதுவும் இருக்கக் கூடாது, எறும்பு அடியோடு ஒழிய வேண்டும், மறு சோதனை வேண்டும், தேதி பிறகு தெரிவிக்கப்படும். சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெர்டேக்காவுக்கு இருபது நாள் இருந்தது.

உமாபதி அண்ணன் திட்டவில்லை. பின்னால் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன், எறும்பு என் கையில் ஏறியது. வேலையை விட்டுவிடுகிறேன் மிஸ், என் மூஞ்சியில் முழிக்காதீர்கள் என்றேன். அழுகை வந்துவிட்டது. அப்போது ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பொத்தியும் அடங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அஞ்சு ஸ்டேட்ல இன்ஸ்பெக்‌ஷன் பார்த்திருக்கேன் அக்கா. முருகன் வந்து நின்னது இங்கதான்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுதுகொண்டேதான். சிரிப்பு அடங்கிய பிறகு அவள் தட்டை வாங்கிப் பார்த்தாள். பூவும் பழமும் சரி, உப்பு எதற்கு என்று கேட்டாள். எங்கே போனாலும் முதலில் பெட்டியைப் பிரித்தே பழகியவளுக்கு அது தெரியவில்லை.

"வந்தவங்க நிலைச்சு இருக்கணும்னு வைக்கிறது, மிஸ். நீங்க போகக் கூடாதுன்னுதான் வெச்சேன். ஏழு பேர்ல உங்களைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு."

அவள் தட்டை மேசையில் வைத்தாள். உப்புப் பொட்டலத்தை மட்டும் எடுத்துத் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், செல்லோடேப் பக்கத்தில்.

அடுத்த இரண்டு வாரம் எனக்கும் எறும்புக்கும் நடந்த சண்டையை நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. வினிகர் வைத்துத் துடைத்தேன், எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டேன், சுவரில் இருந்த ஒவ்வோர் இடுக்கையும் வெள்ளைச் சிமெண்டு வைத்து அடைத்தேன். வாழைப்பழத்தை அஞ்சடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று செல்லன் அண்ணனுக்கு உத்தரவு போட்டேன். தன்னுடைய பழத்தால் வந்த வினை என்று தெரிந்ததும் அவர் துடித்துப்போய்விட்டார். லோரியைக் கொண்டுபோய் அந்த அலுவலக வாசலில் நிறுத்தி நியாயம் கேட்கட்டுமா என்றார். செம்பனைக் குலையோடு போய் நின்றால் அந்த அலுவலகத்துக்கும் எறும்பு வரும், சும்மா இருங்கள் என்று அடக்கினேன். கைப்பேசிக் கடைக்காரன் இதற்குள் எங்கள் கடையை நாடா வைத்து அளந்துகொண்டு போனான். கல்லாவில் உட்கார்ந்திருந்த நான் அவனுக்காகக் காலைக்கூட நகர்த்தவில்லை, அவன் என் நாற்காலியைச் சுற்றி அளந்தான்.

மறு சோதனை இருபத்தாறாம் தேதி நடந்தது. அதே அதிகாரி. இந்த முறை சாவி அலமாரியிலேயே தயாராகத் தொங்கியது. கதவைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. முந்தின நாள் அதை அப்படிக் காலியாகப் பூட்டிவிட்டு நான் இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். அவர் தட்டுக்களைத் தடவிப் பார்த்தார், பின்பக்க இடுக்கில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இன்றைக்குக் காலிதானா அக்கா என்று மலாயில் கேட்டார். காலிதான் என்று புவான் போட்டு மரியாதையாகச் சொன்னேன், பூட்டத்தான் மனசு வரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டார். புது வீட்டுக்குப் போனால் தன் அம்மாவும் பாயை விரிப்பதற்கு முன்னால் அரிசியும் உப்பும்தான் கொண்டுபோவார் என்றார். அந்த உப்பு எங்கே என்றும் கேட்டார். மிஸ் வீட்டு அடுப்படியில் என்று தனேஸ்வரியைக் கைகாட்டினேன். சரி என்று ஒரே ஒரு குறி போட்டுவிட்டுப் போனார். 

வெள்ளிக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, உரிமம் தயார் என்று அழைப்பு வந்தது. விமலன் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைக் காடியில் ஏற்றிக்கொண்டு போனான். கடைவரிசையில் எல்லாக் கடையிலும் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? உமாபதி அண்ணனிடம் சொல்லிப் புதுப் படச்சட்டம் ஒன்று வாங்கிவைத்தேன், லேமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எப்போது வேண்டுமானாலும் கிளம்புகிற ஆளுக்குச் சட்டத்தோடு ஒட்டினாலும் உரிப்பது சுலபமாக இருக்க வேண்டுமே என்று செல்லோடேப்பில் தடியாக நாலு துண்டு கிழித்துக் கல்லா மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டிவைத்தேன். அவளுக்கு ஒரு வேலை மிச்சம்.

நாலு மணிக்கு வந்தார்கள். செல்லன் அண்ணன் கையில் மருந்துச் சீட்டோடு அஞ்சடியில் இரண்டு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார். தனேஸ்வரி நீலக் கோப்பைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். அவள் பெயர் இருந்தது, எங்கள் கடை பெயர் இருந்தது, சிலாங்கூர் என்று இருந்தது. அண்ணன் மூன்று முறை வாசித்தார். சட்டத்துக்குள் வைத்து அவளிடம் கொடுத்தார். அவள் சுவரைப் பார்த்தாள், பிறகு மேசை விளிம்பில் இருந்த நாலு துண்டையும் பார்த்தாள். 

"அக்கா, சுத்தியல் இருக்கா?"

மருந்துக்கடையில் சுத்தியல் ஏது? உமாபதி அண்ணன், அந்த அறுபத்தைந்து வயது மனிதர், டயர்க்கடைக்கு ஓடிப்போய் சுத்தியலும் ஆணியும் வாங்கிவந்தார். பாலம் கட்டுகிறவன் ஆயிற்றே, விமலன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. நாற்காலி மேல் ஏறினாள். முதல் ஆணி வளைந்துவிட்டது. பதினெட்டு வருஷத்துப் பழக்கமின்மை. இரண்டாவது ஆணியை நான் எடுத்துக் கொடுத்தேன். அடித்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது, கடை முழுக்கச் சத்தம் கேட்டது, ஆணி இறங்கியது. சட்டத்தை மாட்டினாள், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. விமலன் தலையைச் சாய்த்துப் பார்த்தான், ஏதோ சொல்ல வந்தான், வாயை மூடிக்கொண்டான். நல்ல புருஷன்.

பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கல்லா மேசையில் விரித்தான். ஓய்வூதியத்துக்கான தாள். நூலில் கட்டிவைத்திருக்கும் என் பேனாவைக் கேட்டான். கையெழுத்துப் போட்டுவிட்டு, மருந்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேவைப்படுமா என்று உமாபதி அண்ணனிடம் கேட்டான். ஸ்டாஃப் சார்ஜன் பிள்ளைத் துணி சுமப்பாரா என்று நான் கேட்டேன். பாலமே சுமந்திருக்கிறேன், அக்கா என்றான்.

தனேஸ்வரி நாற்காலியிலிருந்து இறங்கிக் கையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுப் பின்பக்கக் கவுண்டரைத் திறந்தாள். செல்லன் அண்ணன் சீட்டை நீட்டினார். இந்த மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று அடுத்த மாதம் வந்து சொல்ல வேண்டும், அதற்கடுத்த மாதமும் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது. நான் அவளுக்கு அரைக் கரண்டி சீனி போட்டுத் தே ஓ கலக்கி வைத்தேன். மேசை விளிம்பில் இருந்த நாலு துண்டையும் உரித்து, உருட்டிக் குப்பையில் போட்டேன்.